அரை பிரேக் டீச்சர்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் பிரேக்குகள் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில் இருக்கும். மற்றொன்று பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தால் காருக்குள் 'டிங்' என்று ஒரு சிறு மணி ஒலிக்கும். வண்டியை நிறுத்தியது மாணவரா ஆசிரியரா என்பதில் எவருக்கும் ஐயம் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

டீச்சரின் காரில் அந்த மணிக்கு ஓய்வே கிடையாது.

காய்கறிக் கடைக்காரரிலிருந்து பல் மருத்துவர் வரை அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். ஆகவே வீட்டுக்கு வெளியே 'டீச்சர்' என்பதைத் தவிர வேறு பெயர் அவருக்கு நிலைக்கவில்லை. அவருடைய பொறுமையை எல்லோரும் மெச்சுவார்கள். குரலை உயர்த்தமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். கால் மட்டும்தான் அவர் சொற்பேச்சுக் கேட்காது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கினால் போதும். மாணவர் அதைக் கவனித்தாரா என்று மனம் யோசித்து முடிப்பதற்குள் கால் தன் கடமையை ஆற்றிவிட்டிருக்கும்.

இந்தப் பழக்கம் காரோடு நின்றிருந்தாலும் குறையில்லை. லிஃப்ட் கீழே இறங்கும்போது தரையை மிதிப்பார். தொலைக்காட்சியில் யாராவது படிக்கட்டில் தடதடவென்று இறங்கினால் சோபாவுக்கு அடியில் மிதிப்பார். அவருடைய கணவர் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்பவர். வளைந்தது நிமிர்ந்தது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்தை யாராவது வேகமாக நகர்த்தினால், மனைவியின் முழங்கால் விறைப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கரண்டியால் கண்ணாடி டம்ளரை ஒரு தட்டுத் தட்டுவார். டிங். வீடே சிரிக்கும். டீச்சரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டவள் முட்டி. டயர்க் கிடங்காக இருந்து பின்பு சறுக்கு மேடைகள் கட்டப்பட்ட ஒரு பெரிய கொட்டகையில் அவள் பிஎம்எக்ஸ் சைக்கிள் வித்தைகள் சொல்லிக்கொடுத்துவந்தாள். 'முழங்காலை மடக்குங்கள்' என்று நீட்டி முழக்க நேரமில்லாததால் 'முட்டி' என்று ஒரே சொல்லாகக் கத்துவாள். அதுவே அவள் பெயராகிவிட்டது. கொட்டகைக்கு வெளியே இருந்த காலி மைதானத்தில்தான் டீச்சர் தம் மாணவர்களுக்குப் பின்னோக்கி நிறுத்தும் பயிற்சி கொடுப்பார். முட்டியும் ஒருகாலத்தில் அங்கே அவரிடம் கார் ஓட்டக் கற்றவள். அந்தப் பயிற்சி முழுவதும் காருக்குள் ஒரே மணியோசையாக இருந்தது.

"டீச்சர், ஒரு நாள் உள்ள வாங்க. அங்க யாரு உங்களுக்கு பிரேக் புடிக்கிறாங்கன்னு பாக்கலாம்," என்று அவள் விளையாட்டாக அழைத்தாள். டீச்சரும் மரியாதைக்காக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனார்.

எட்டிப் பார்த்தவர் திரும்பி வரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கென்று ஒரு தொடக்க நிலைக் குழு அங்கே நடந்தது. ஒட்டுப்பலகையும் ரப்பரும் கலந்த வாசனை. கூரைத் தகடுகளின் இடைவெளியில் விழும் வெயில். தரை நெடுக அடுத்தடுத்து எழும்பியிருந்த மர அலைகள். இருபது அங்குலச் சக்கரம் கொண்ட அந்தக் குட்டி சைக்கிளின் மேல் டீச்சர் முதன்முதலாக நின்றபோது, பெரியவர் ஒருவர் குழந்தையின் நாற்காலியில் உட்கார்ந்ததைப் போல அவருக்கே கூச்சமாக இருந்தது. அதில் இருக்கை என்பது பெயருக்குத்தான். எதைச் செய்தாலும் நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

முதலில் முட்டி அவர்களுக்கு அலைகளைக் கடக்கக் கற்றுக்கொடுத்தாள். பெடலை மிதிக்கக் கூடாது. அலை ஏறும்போது உடம்பை இலேசாக்கிக் கைகாலை மடக்க வேண்டும். இறங்கும்போது கைகாலை நீட்டிச் சைக்கிளைக் கீழே அழுத்த வேண்டும். சரியான தருணத்தில் அழுத்தினால் மிதிக்காமலேயே வேகம் பிறக்கும். டீச்சருக்கு அது முதலில் நம்பும்படியாக இல்லை. பிறகு ஒரு ஞாயிறன்று மூன்றாவது அலையின் முதுகில் கைகள் தாமாகவே நீண்டன. யாரோ பின்னாலிருந்து செல்லமாகத் தள்ளிவிட்டதைப் போலச் சைக்கிள் முன்னே பாய்ந்தது. அன்று வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுகூட அவர் முழங்கால் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, நின்ன இடத்துலயே அலை அடிக்குது," என்றார் கணவர்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார் டீச்சர், மலர்ந்த முகத்தை மடித்த துணிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அலைகளோடு போயிருந்தால் எல்லாம் சுகமே. கொட்டகையின் கோடியில் கால் வட்டமாக வளைந்த ஒரு மேடை இருந்தது. உயரம் டீச்சரின் தோளளவுதான். ஆனால் மேலே ஏறி நின்று பார்க்கிறவருக்கு அது கிணறு. மேல்தளத்தின் விளிம்பில் ஓர் இரும்புக் குழாய் பதிக்கப்பட்டிருந்தது. முன்சக்கரத்தை அந்தக் குழாய்க்கு அப்பால் நகர்த்தி, உடம்பையும் அதோடு முன்னால் சாய்த்து, வளைவுக்குள் சைக்கிளை அழுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. பாதியில் மனம் மாறுவதற்கு மட்டும் அதில் இடமில்லை.

டீச்சர் ஒவ்வொரு முறையும் பாதியில்தான் மனம் மாறினார். முன்சக்கரம் இறங்கும்வரை ஒழுங்காகவே இருப்பார். சக்கரம் சாய்ந்த கணத்தில் வலக்கை விரல்கள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். டீச்சர் ஒருபக்கமாகச் சாய்ந்து, முழங்கால் கவசத்தில் மண்டியிட்டுச் சறுக்கியபடி வளைவின் அடிவரை மரியாதையாக வந்து சேர்வார்.

குழுவில் ஒரு தபால்காரரும் இருந்தார். எந்தச் சரிவில் இறங்கினாலும் அடியில் வந்ததும் இடது காலைத் தரையில் ஊன்றிவிடுவார். வாசல் வாசலாக நின்று பழகிய கால். "உங்க வீட்டுக்குத் தபால் ஒண்ணும் இல்ல, போய்க்கிட்டே இருங்க," என்று முட்டி கத்துவாள். அவர்தான் டீச்சருக்கு 'அரை பிரேக்' என்று பட்டம் சூட்டினார். டீச்சர் அதை வருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறிடத்தில் ஒரு பேரிடி காத்திருந்ததை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

டீச்சரின் கணவருக்கு ஒரு தங்கை. வீட்டில் எல்லோரையும்விட உயரமானவள். ஆனாலும் பெயர் என்னவோ சின்னுதான். மருத்துவமனை வார்டில் செவிலியாக இருந்தவள், நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று புண்ணுக்குக் கட்டு மாற்றும் பணிக்கு விண்ணப்பித்துத் தேர்வாகியிருந்தாள். ஓட்டுநர் உரிமம் பெற்றால்தான் அந்தப் பணியில் சேரலாம். வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது வேறு இடம் எதற்கு? அண்ணியிடமே கற்றாள். காருக்குள் டீச்சர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று.

"இந்தக் கதவ சாத்தினதும் நான் உனக்கு அண்ணி இல்ல. டீச்சர்."

"சரிங்க டீச்சர்," என்பாள் சின்னு, தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சின்னு நன்றாகவே ஓட்டினாள். ஊசி குத்திப் பழகிய கைக்கு நடுக்கம் கிடையாது. தேர்வு நாளன்று வழக்கப்படி டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தேர்வு அதிகாரி பின்னிருக்கையில் அமர்ந்தார். கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், பின்னோக்கி நிறுத்துதல் என்று எல்லாம் குறையின்றி முடிந்து, கடைசியில் ஒரு மேட்டின் உச்சியிலிருந்த ரவுண்டானாவை நெருங்கினார்கள். பக்கவாட்டிலிருந்து ரொட்டி நிறுவனத்தின் வேன் ஒன்று சற்று வேகமாக வந்தது. சின்னு அதைப் பார்த்துவிட்டாள். அவள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எடுபட்டதை டீச்சரும் பார்த்தார். பார்த்த பின்பும்,

டிங்.

பின்னிருக்கையில் தேர்வு அதிகாரி பேனாவை மூடும் ஓசை கேட்டது. "பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது டீச்சர்," என்றார் அவர், தாமே தவறு செய்துவிட்டதைப் போல. "ஆனா மணி அடிச்சிருச்சே, பாஸ் போட முடியாதே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அன்று சாப்பிடும்போது கணவர் கரண்டியைக் கையில் எடுத்தார், டம்ளரைப் பார்த்தார், கரண்டியை மெல்ல மேசையில் வைத்துவிட்டார். அதுதான் டீச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

சின்னு தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "அண்ணி, நான் கோவத்துல சொல்லல. எதிர்த் தெரு ஸ்கூல்ல விசாரிச்சேன். அடுத்த வாரமே சேத்துக்கறாங்களாம். அவங்க காரைக் கொண்டு வந்தே டெஸ்டுக்கும் கூட்டிட்டுப் போவாங்களாம்."

"அந்த ஸ்கூல்காரருக்கே ஓட்டக் கத்துக்குடுத்தது நான்தான்," என்றார் டீச்சர்.

"அதான் அங்கயும் அப்பப்போ டிங்குன்னு கேக்குது," என்றார் கணவர். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார், யாரும் கேட்காமலேயே.

டீச்சரின் சொந்த நாத்தனார் எதிர்த் தெருப் பள்ளியில் கார் ஓட்டக் கற்கிறாள் என்ற செய்தி காய்கறிக் கடைக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று டீச்சர் எண்ணிப் பார்த்தார். ஆனால் அந்த அவமானம்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சின்னு தம் பக்கத்தில் உட்கார இனி அஞ்சுகிறாள். அதுதான் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. இருபது வருடங்களாகப் பிறருக்குப் பயத்தைப் போக்கிய இருக்கை அல்லவா அது?

"இன்னும் ஒரே ஒரு தடவ என்கூட வா," என்றார். "இந்த முறை மிதிக்க மாட்டேன்."

"அத எப்படி நம்பறது அண்ணி? நீங்க மிதிக்கல, உங்க கால்தானே மிதிக்குது."

சின்னு தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் வாயில் வம்பு பேசினாலும் மனசு அவ்வளவு கல் இல்லை.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கொட்டகைல ஒரு வளைவு இருக்குன்னு சொல்வீங்களே, பிரேக் புடிச்சு புடிச்சு விழறீங்களே, அதுல ஒரு தடவ பிரேக் இல்லாம இறங்கிக் காட்டுங்க. அன்னைக்கே உங்க கார்ல ஏறுறேன், பேசாம வந்து டெஸ்ட் குடுக்கறேன். இறங்க முடியலன்னா எதிர்த் தெருவுக்குப் போறேன். நீங்க வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட மாட்டேன்," என்றார் டீச்சர். அது பொய் என்று மேசையிலிருந்த மூவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் கதையை முட்டியிடம் ஒளிக்காமல் சொன்னார். முட்டி கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். ஒரு சாவியால் இரண்டு திருகு திருகினாள். பிரேக் கம்பியை உருவிச் சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி துணி காயப்போடுங்க. இங்க பாதிப் பேரு இது இல்லாமத்தான் ஓட்டறாங்க."

"நிறுத்தணும்னா?"

"எதுக்கால பாருங்க, அங்க ஒரு சரிவு இருக்கில்ல. அதுல ஏறினா வண்டி தன்னால தணியும். எல்லாத்தையும் நீங்களே நிறுத்தணும்னு இல்ல டீச்சர்."

பிரேக் போனதும் பிரச்சினையும் போய்விடும் என்றுதான் டீச்சர் நம்பினார். மேல்தளத்தில் நின்றார். இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்தார். முன்சக்கரம் குழாயைத் தாண்டிச் சாய்ந்தது. அந்தக் கணத்தில் அங்கே இல்லாத பிரேக்கை விரல்கள் இறுக்கின; இடுப்பு பின்னால் போயிற்று; கைகள் சைக்கிளை நெஞ்சோடு இழுத்தன. முன்சக்கரம் அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. டீச்சர் வளைவின் நடுவில் உட்கார்ந்து, தமக்கு முன்னால் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்க கழட்டியாச்சு," என்றாள் முட்டி, இடுப்பில் கைவைத்தபடி. "இப்ப நீங்களே பிரேக்கா மாறிட்டீங்க."

தபால்காரர் சைக்கிளை எடுத்து வந்து பணிவாக நீட்டினார். "டெலிவரி," என்றார்.

அன்றும் அதற்கடுத்த ஞாயிறும் இதே கதைதான். இடுப்பில் ஒரு பக்கம் கன்றி நீலம் பாய்ந்தது. அவருக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அழுகை வரவில்லை. அலைகள் இருந்ததால்தான் அவர் தப்பித்தார். வளைவில் விழுந்துவிட்டு வந்து அலைகளில் ஒரு சுற்றுப் போவார். உடம்பு இலேசாகும், மனம் தெளியும். மறுபடி ஏணியில் ஏறுவார். மறுதேர்வுக்கு நாள் குறித்து அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

அந்த ஞாயிறு காலை சின்னு தானும் வருவதாகச் சொன்னாள். "ஓரமா நின்னு பாக்கத்தான்" என்றாள். ஆனால் டீச்சர் மேடை ஏறி நின்று வெகுநேரம் அசையாமலே இருந்ததைக் கண்டதும், அங்கே மாட்டியிருந்த தலைக்கவசம் ஒன்றை எடுத்து அணிந்துகொண்டு, மருத்துவமனைக் காலணியோடு விறுவிறுவென்று ஏணியில் ஏறி வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு மேல வந்த?"

"இங்க நான் உங்களுக்கு நாத்தனார் இல்ல. டீச்சர்," என்றாள் சின்னு.

கீழே முட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரர் வெளிப்படையாகவே சிரித்தார்.

சின்னு தொண்டையைச் செருமிக்கொண்டாள். அண்ணியின் குரலையும் நிதானத்தையும் அப்படியே வரவழைத்துக்கொண்டு பேசினாள். "பதட்டம் வேண்டாம். மூச்ச விடுங்க. தோள இறக்குங்க, தோளு காதுக்குப் போகக் கூடாது. எங்க போகணுமோ அங்க பாருங்க. எங்க போகக் கூடாதோ அங்க பாக்காதீங்க. வண்டி உங்க கண்ணு பின்னாலதான் வரும்."

"இதெல்லாம் நான் சொல்றது."

"ஆமா, நல்லாத்தான் சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லல." பிறகு அவள் குரல் தன் சொந்தக் குரலாயிற்று, கீழே இருப்பவர்களுக்குக் கேட்காதவாறு தணிந்தது. "அண்ணி, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு அந்த ரொட்டி வேன நான் பாத்தேன். அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மிதிச்சீங்க?"

"கால்..."

"காலச் சொல்லாதீங்க. அந்த மணி அடிக்கும்போது எனக்கு என்ன தோணும் தெரியுமா? நான் பாத்ததெல்லாம் சும்மா, நீங்க பாத்தாத்தான் பாத்ததுன்னு தோணும். ரெண்டு நாளைக்கு வார்டுல ஊசி போடக்கூட கை யோசிச்சுது."

டீச்சர் முன்சக்கரத்தை மெல்ல விளிம்புக் குழாயின்மேல் ஏற்றினார். கீழே வளைவு தன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"நீ வேணா பின்னாடி சீட்டப் புடிச்சுக்கறியா? முதல் தடவைக்கு மட்டும்."

"புடிக்க மாட்டேன்."

"சும்மா ஒரு விரலால."

"நான் புடிச்சா அது டிங், டீச்சர்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். சின்னு கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள். வலக்கை இடது மணிக்கட்டைப் பற்றியிருந்த இறுக்கத்தில் விரல் முட்டிகள் வெளிறியிருந்தன. அவள் உதடு கேலியாக வளைந்திருந்தது. கண்களோ அண்ணியின் இடுப்பிலிருந்த நீலத்தை நினைத்துக்கொண்டிருந்தன. விழுந்துவிடுவாரே என்ற பயம் முழுவதையும் அந்தப் பெண் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்றுகொண்டு பிடிக்காமல் இருப்பதும் ஒரு வேலை என்பது டீச்சருக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை. பிடிக்காதவர் சும்மா இருக்கிறவர் என்றே அவர் எண்ணியிருந்தார். இதோ, சும்மா நிற்கும் இவளுக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்திருக்கிறது.

அவர் முன்னால் திரும்பினார். எதிர்ச் சரிவைப் பார்த்தார். அதன் நடுவில் யாரோ நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு வாத்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வாத்தையே பார்த்தார். மூச்சை விட்டார். தோள்கள் காதுகளை விட்டு இறங்கின.

முன்சக்கரம் சாய்ந்தது. இடுப்பு பின்னால் போக ஆசைப்பட்டது. டீச்சர் அதையும் கூட இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கைகள் நீண்டன, அலையின் முதுகில் அழுத்துவதைப் போலவே வளைவுக்குள் சைக்கிளை அழுத்தின. விளிம்புக் குழாயில் பின்சக்கரம் 'டக்' என்று ஒருமுறை தட்டியது. அதன் பிறகு விழவும் இல்லை, வழுக்கவும் இல்லை; பலகையின் கடகட ஒலி மட்டும் பாதம் வழியாக ஏறி வந்தது. வளைவு அவரைப் பத்திரமாகத் தரையிடம் ஒப்படைத்தது. தரை அவரை எதிர்ச் சரிவிடம் ஒப்படைத்தது. சரிவில் ஏற ஏற வேகம் தணிந்து, வாத்துக்கு ஒரு முழம் கீழே சைக்கிள் தானாக நின்றது. யாரும் நிறுத்தவில்லை.

நின்ற சைக்கிளோடு என்ன செய்வது என்பதை அவர் கற்றிருக்கவில்லை. எனவே அது பின்னோக்கி உருளத் தொடங்கவும், பெடல்கள் எதிர்த்திசையில் சுழன்று கால்களை உதறவும், நிதானமாகப் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதை ஒருவரும் விழுந்ததாகக் கணக்கில் கொள்ளவில்லை. தபால்காரர் இரண்டு விரல்களை வாயில் வைத்து விசிலடித்தார்.

சின்னு மேலே நின்றபடி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ செஞ்சா நம்பறேன்," என்றாள்.

டீச்சர் இன்னொரு தடவை செய்தார். பிறகு யாரும் கேட்காமலேயே இன்னும் பல தடவை செய்தார். கடைசியில் முட்டி விளக்கை அணைக்கப் போவதாகப் பயமுறுத்திய பிறகே இறங்கி வந்தார்.

தேர்வு நாளன்று அதே காரில், அதே அதிகாரி பின்னிருக்கையில் அமர்ந்தார். கதவைச் சாத்தியதும் சின்னு, "போகலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"போகலாம்," என்றார் டீச்சர். காலணிகளின் முன்பகுதியைப் பிரேக்கிலிருந்து விலக்கி, குதிகால்களை இருக்கைக்கு அடியில் தள்ளினார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக இருக்கைப் பட்டை இடம் தரவில்லை. எனவே வலக்கையால் இடது மணிக்கட்டைப் பற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் ஒருவர் குடையை விரித்தபடி சாலையில் இறங்கினார். சின்னு நின்றாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு பந்து குறுக்கே உருண்டது. சின்னு நின்றாள். டீச்சரின் பாதங்கள் இருக்கைக்கு அடியில் துடித்தன. மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்தது. பிறகு அந்த மேடும் ரவுண்டானாவும் வந்தன. இந்த முறை சிமெண்டு கலவை லாரி ஒன்று பக்கவாட்டில் முழங்கிக்கொண்டு வந்தது. சின்னுவின் பார்வை அதன்மேல் ஒருமுறை தங்கி மீண்டதை டீச்சர் கண்டார். பிறகு லாரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தாங்கள் போக வேண்டிய சாலையைப் பார்த்தார். சின்னு காலை எடுத்தாள். மேடு பாதி வேகத்தை வாங்கிக்கொண்டது. மீதியை அவள் பிரேக் வாங்கிக்கொண்டது. லாரி கடந்து போயிற்று. காருக்குள் திசைகாட்டி விளக்கின் டிக்டிக் ஒலியைத் தவிர வேறு ஓசை இல்லை.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியதும் அதிகாரி சின்னுவுக்குக் கைகொடுத்தார். "பாஸ். ரொம்ப நிதானம்." பிறகு முன்பக்கம் குனிந்து, அக்கறையோடு குரலைத் தாழ்த்தினார். "ஆனா டீச்சர், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா? வழியெல்லாம் முட்டிய மடக்கி, முன்னால சாஞ்சு, கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. வயித்து வலியோன்னு நினைச்சேன்."

சின்னு ஸ்டீயரிங்கின்மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டீச்சர் மட்டும் தம் மரியாதை கெடாமல், "இப்ப பரவாயில்லைங்க, விசாரிச்சதுக்கு நன்றி," என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் கணவர் கரண்டியை எடுத்து, மனைவியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரைத் தொடர்ந்து தட்டினார். அது யாரும் பிரேக் பிடித்ததற்காக அல்ல.

புதிய வேலையோடு சின்னுவுக்கு ஒரு சிறிய கார் கொடுக்கப்பட்டது. பின்னிருக்கை நிறையப் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்து வாசனையும். அடுத்து வந்த ஞாயிறன்று அவளே அண்ணியைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றாள். டீச்சர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். சிறு பெட்டி மேடையிலிருந்து சைக்கிளோடு தாவக் கற்றுக்கொடுப்பதாக முட்டி சொல்லியிருந்தாள். அந்த நினைப்பிலேயே அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திருப்பத்தில் முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. டீச்சரின் வலது பாதம் தரை விரிப்பை அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் ஏதும் இல்லை, மணியும் இல்லை.

சின்னு ஏற்கெனவே அழகாக நிறுத்தியிருந்தாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டிங்," என்றாள்.